எல்லைக்கோட்டை வரைபவர் யார்?
அமைப்புச் சிந்தனை நூல்களை ஓசூரிலிருந்து வாசித்தல்

முடிவெடுத்தல் குறித்து இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்த கோட்பாடுகளுள், நிர்வாகக் கல்விக்கூடங்களிலும் அரசுத் திட்டக் குழுக்களிலும் ஒருசேரச் செல்வாக்குப் பெற்றது ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’ என வழங்கப்படும் சிந்தனை முறையாகும். தமிழில் அதனை அமைப்புச் சிந்தனை எனலாம். ஒரு பொருளைத் தனியே பிரித்தெடுத்து ஆராயாமல், அது பிறவற்றோடு கொண்டுள்ள தொடர்புகளை நோக்குவது அதன் முதற்பாடம். ஒரு செயலின் விளைவு சுற்றிவந்து அச்செயலையே மாற்றுகின்றது; இதனைப் பின்னூட்டம் என்பர். காரணத்திற்கும் விளைவிற்கும் இடையே காலத்தாழ்ச்சி உண்டு. அத்தாழ்ச்சியை மறப்பவன் மருந்தையே நோயாக்கிவிடுவான். இவற்றோடு சேர்த்துப் பேசப்படுவது மனப்படிமம் என்னும் கருத்தாக்கம். உலகைப் பற்றிய ஒரு சிறு மாதிரியை மனிதன் தன் மனத்துள் சமைத்து வைத்துக்கொண்டு அதனைக் கொண்டே முடிவெடுக்கிறான் என்று கென்னத் கிரெய்க் என்னும் உளவியல் அறிஞர் 1943இல் எழுதினார். அம்மாதிரி பழுதுற்றிருப்பின் எடுக்கும் முடிவும் பழுதுறும்.

இத்துறையில் பெரிதும் வாசிக்கப்படும் நூல்கள் நான்கு. ஜே ஃபாரெஸ்டரின் ‘அர்பன் டைனமிக்ஸ்’ (1969), பீட்டர் செங்கேயின் ‘தி ஃபிஃப்த் டிசிப்ளின்’ (1990), எட்வர்ட்ஸ் டெமிங்கின் ‘தி நியூ எகனாமிக்ஸ்’ (1993), டொனெல்லா மெடோஸின் ‘திங்கிங் இன் சிஸ்டம்ஸ்’ (2008) ஆகியவை. இறுதியாகக் கூறப்பட்ட நூல் 1993லேயே கைப்பிரதியாக இருந்து, ஆசிரியர் 2001இல் காலமான பின் டயானா ரைட் என்பவரால் பதிப்பிக்கப்பெற்றது. இந்நூல்களை ஓசூரில் இருந்துகொண்டு வாசித்தால் என்ன தென்படுகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள். ஓசூரைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அமைப்புச் சிந்தனையின் வெற்றியும் அதன் குருடும் சில கிலோமீட்டர் இடைவெளியில் ஒருங்கே காணக்கிடைக்கும் ஊர் அது.

வெற்றியை முதலில் நோக்குவோம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்த பின்னரே ஓசூர் தொழில் நகரமாயிற்று. 1980இல் அசோக் லேலண்டின் ஆலையும் டி.வி.எஸ். நிறுவனத்தின் மொபெட்டும் வந்தன. 1984இல் டாட்டாவும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் இணைந்து தோற்றுவித்த டைட்டன் தன் முதற் கடிகார ஆலையை இங்கேயே நிறுவியது. 2002இல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் ஜப்பானின் டெமிங் பரிசைப் பெற்றது. இரு சக்கர வாகன நிறுவனம் ஒன்று அப்பரிசைப் பெற்றது உலகில் அதுவே முதன்முறை. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு அதே குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவும் அதனைப் பெற்றிருந்தது. ஓசூரில் அமைப்புச் சிந்தனை ஏட்டுச் சுரைக்காய் அன்று. அதனைக் கொண்டு கறி சமைத்திருக்கிறார்கள்.

டெமிங்கின் பெருமை, பிழைக்குத் தொழிலாளியைக் குற்றஞ்சாட்டும் வழக்கத்தை உடைத்ததில் இருக்கிறது. ஓர் ஆலையில் நேரும் பிழைகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு அமைப்பினால் நேர்பவை, அவ்வமைப்பை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்திடமே இருக்கிறது என்பது அவருடைய மதிப்பீடு. 1950இல் ஜப்பானிய நிர்வாகிகளுக்கு அவர் வரைந்து காட்டிய படத்தில் ஒரு முனையில் மூலப்பொருள் தருவோர், மறுமுனையில் நுகர்வோர், நுகர்வோரின் அனுபவத்திலிருந்து வடிவமைப்பிற்குத் திரும்பி வரும் அம்புக்குறி ஆகியவை இருந்தன. உற்பத்தி என்பது ஆலைக்குள் நிகழும் ஒன்று என்ற மனப்படிமத்தை அந்த ஒரு படம் மாற்றியது எனலாம்.

இப்பயிற்சி ஒரு மனிதனின் பார்வையை எவ்வளவு கூர்மையாக்கும் என்பதை அண்மையில் நேரில் கண்டேன். ஓசூரில் ஒரு ஜும்ஆவிற்குப் பின், வார்ப்படத் தொழிற்கூடம் ஒன்றில் தரக்கட்டுப்பாட்டைக் கவனிக்கும் இளைஞர் ஒருவர் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்து தம் வேலையை எனக்கு விளக்கினார். வார்ப்புகளில் குமிழித் துளைகள் விழுந்தனவாம். ஏன்? உள்ளே வைக்கும் கோர் ஈரமாயிருந்தது. ஏன்? கோர்களை அடுக்கும் இடம் மழைச்சாரல் அடிக்கும் வாயிலருகே மாறியிருந்தது. ஏன் மாறியது? வழக்கமான இடத்தை வேறு சரக்கு அடைத்துக்கொண்டது. அச்சரக்கு ஏன் அவ்வளவு வந்தது? விலைத் தள்ளுபடிக்காகக் கொள்முதல் பிரிவு மூன்று மாதச் சரக்கை ஒரே தடவையில் வாங்கிவிட்டது. உலைக்களத்தின் பிழைக்கு வேர் கொள்முதல் மேசையில் இருந்தது. அதனைக் கண்டுபிடிக்கும் வரையில் இரண்டு தொழிலாளிகள் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தனர். மீன்முள் வடிவிலான படத்தை அவர் விரலால் தரையில் வரைந்து காட்டிய அழகை நான் மறக்கவில்லை.

பேச்சு கெலவரப்பள்ளி அணைக்குத் திரும்பியது. மதகுகளைத் திறக்கும்போதெல்லாம் வெண்பஞ்சு மலைபோல் எழும் நுரையைப் பற்றிக் கேட்டேன். ஒரு ‘ஏன்’கூட அவரிடமிருந்து வரவில்லை. “அது கர்நாடகா விசயம், பாய்” என்றார்.

அவரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்ட நூல்கள் அவரை அந்த இடத்தில் நிறுத்தியே அனுப்பியிருக்கின்றன. டெமிங்கின் படத்தை மீண்டும் பாருங்கள். தருவோர் இருக்கிறார், வாங்குவோர் இருக்கிறார். கீழ்க்கரையில் இருப்பவர் இல்லை. பொருளைச் செய்பவர், விற்பவர், வாங்குபவர் என்னும் வட்டத்திற்குள் வராத ஒருவரிடமிருந்து திரும்பி வரும் அம்புக்குறி எதுவும் அப்படத்தில் வரையப்படவில்லை. நிறுவனத்தை மேம்படுத்த வரையப்பட்ட படம் அது. அந்நோக்கத்திற்கு அது போதுமானது. பிற நோக்கங்களுக்கும் அதுவே போதும் என்று நாம் எண்ணிக்கொண்டதிலேதான் தவறு.

செங்கேயின் நூலில் இக்குறை இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. ஐந்து பயிற்சிகளை அவர் கூறுகிறார். மனப்படிமங்களைச் சோதித்தல் அவற்றுள் ஒன்று, அமைப்புச் சிந்தனை ஐந்தாவது. நூலில் மிகவும் புகழ்பெற்ற பகுதி, சில்லறை விற்பனையாளர், மொத்த வணிகர், உற்பத்தியாளர் என மூவர் ஆடும் பியர் விளையாட்டு. (சாராய வணிகத்தை எடுத்துக்காட்டாக்கியது நமக்கு உவப்பன்று, பாலையோ பஞ்சையோ வைத்து ஆடினாலும் கணக்கு மாறாது.) தேவை ஒருமுறை சிறிதே உயர்கிறது. சரக்கு வந்துசேரும் தாமதத்தை மறந்து ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த அளவில் நியாயமாகவே ஆணை கொடுக்க, சில வாரங்களில் மேலே செல்லச் செல்ல ஏற்ற இறக்கம் பூதாகரமாகிறது. யாரும் முட்டாள் அல்லர். அமைப்பே அவர்களை முட்டாளாக்குகிறது. பாடம் அருமையானது. ஓசூரின் சிறு பட்டறைகளுக்கு இதனை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2019இல் வாகன விற்பனை சரிந்தபோது பெரிய ஆலைகள் வேலையில்லா நாள்களை அறிவித்தன. அவற்றுக்கு உதிரிபாகம் தரும் பட்டறைகளும், அப்பட்டறைகளின் ஒப்பந்தத் தொழிலாளர்களும் அந்த அலையின் கடைசி வீச்சை வாங்கினர். செங்கேயின் ஆட்டப் பலகையில் ஒப்பந்தத் தொழிலாளிக்கு நாற்காலி இல்லை. கற்கும் நிறுவனம் என்பது அவருடைய இலட்சியம். நிறுவனத்தின் சுற்றுச்சுவருக்கு வெளியே இருப்போரிடமிருந்து எதைக் கற்பது என்பதில் நூல் அதிகம் தங்குவதில்லை.

மெடோஸ் வேறு தரத்தவர். அவருடைய உரைநடை எளியது; தொட்டியில் நிரம்பும் நீரை வைத்தே இருப்பு, வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை விளக்கிவிடுகிறார். உலகில் தனித்த அமைப்பு என்று எதுவுமில்லை, நாம் கேட்கும் கேள்விக்கு ஏற்பவே எல்லையை வரைந்துகொள்கிறோம் என்பதை நால்வருள் அவரே நேராக ஒப்புக்கொள்கிறார். ஆற்றிலிருந்து நீரெடுக்கும் எந்த ஊரும் ஆலையும் தான் கழிவைக் கொட்டும் குழாய்க்குச் சற்றுக் கீழேயே தன் உறிஞ்சுகுழாயை வைக்கவேண்டும் என்று விதித்தால் பின்னூட்டம் எத்துணை விரைவாகத் திருந்தும் என்ற யோசனையும் அவருடையதே. பார்வைக்கு வேடிக்கையாகத் தோன்றும் இந்த யோசனையை அளவுகோலாகக் கொண்டு ஓசூரைச் சுற்றியுள்ள நீரை நோக்குவோம்.

பெங்களூரு ஒரு மேட்டு நிலத்தின் முதுகில் அமர்ந்த நகரம். மேற்குச் சரிவின் நீர் விருஷபாவதி, அர்க்காவதி வழியே காவிரியைச் சேரும். கிழக்குச் சரிவின் நீர் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து, நந்தி மலைப்பகுதியில் தோன்றி வரும் தென்பெண்ணையைச் சேரும். நகரத்திற்குக் குடிநீரோ காவிரியிலிருந்து வருகிறது. தொரேகாடனஹள்ளியிலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு, ஏறத்தாழ 500 மீட்டர் உயரம் உந்தி ஏற்றப்படுகிறது. வீடுகளில் பயன்படும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு கழிவுநீராகும் என்பது பொறியாளர்களின் வழக்கமான கணக்கு. ஆக, காவிரியில் எடுத்த நீரில் கணிசமான பங்கு சோப்பும் மலமும் ஆலைக் கழிவும் ஏற்று, வேறோர் ஆற்றில் இறங்குகிறது. அந்த ஆறு கொடியாளம் அருகே தமிழ்நாட்டிற்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அணையின் கீழ் சுமார் 8,000 ஏக்கர் பாசனம். பிறகு கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர், முடிவில் கடலூர்.

இனி ஓசூர்க்காரர் எங்கே நீர் குடிக்கிறார்? கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. பற்களில் பழுப்புக் கறை, வளைந்த எலும்புகள் என இரண்டு தலைமுறைகள் அதன் தண்டனையை உடலில் சுமந்தன. அதற்குத் தீர்வாக 2008இல் அடிக்கல் நாட்டப்பெற்று, கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்புகளைத் தாண்டி, 1,928 கோடி ரூபாய்ச் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 மே மாதம் தொடங்கிவைக்கப்பட்டது. காவிரியை ஒகேனக்கல்லில் பிடித்து, பல நூறு மீட்டர் மேலேற்றி ஓசூர் வரையில் கொணர்கிறது அத்திட்டம். கண்ணெதிரே தென்பெண்ணை ஓட, ஓசூர் நூறு கிலோமீட்டர் அளவில் தள்ளியுள்ள காவிரியைக் குடிக்கிறது. அத்தென்பெண்ணையில் ஓடுவதிலும் ஒரு பங்கு காவிரியே. பெங்களூரு குடித்து உமிழ்ந்த காவிரி. ஒரே நதியின் நீரை இரண்டு நகரங்கள் இரண்டு மலைகளின் மேல் ஏற்றுகின்றன; இரண்டும் கழிவை இறக்குவது வேறோர் ஆற்றில். மெடோஸ் கனவு கண்ட குழாய் ஒழுங்கிற்கு நேர் எதிரான ஓர் ஒழுங்கை எவராவது திட்டமிட்டு அமைக்க முயன்றாலும் இதனினும் முழுமையாக அமைத்திருக்க இயலாது. ஒகேனக்கல் திட்டத்திற்கும், 2024 அக்டோபரில் தொடங்கிய பெங்களூரின் காவிரி ஐந்தாம் கட்டத்திற்கும் கடன் தந்தது ஒரே ஜப்பானியப் பன்னாட்டு ஒத்துழைப்பு முகமை. இரண்டு திட்ட அறிக்கைகளும் ஒரே அலமாரியில் இருந்திருக்கும்.

அந்த ஐந்தாம் கட்டம் நகர விளிம்பிலுள்ள 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77 கோடியே 50 லட்சம் லிட்டர் தருவதற்கானது. அவற்றுள் கிழக்கே மகாதேவபுரா வட்டாரத்தில் உள்ளவை தென்பெண்ணையின் வடிநிலத்தைச் சேர்ந்தவை. கூடவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களும் கட்டப்படுகின்றன என்பதைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. ஆனால் மெடோஸின் தொட்டியை நினைவில் வையுங்கள். பெல்லந்தூர் ஏரியின் அடியில் பல பத்தாண்டுகளாகப் படிந்த சேறு ஓர் இருப்பு. வரத்தை இன்றே நிறுத்தினாலும் இருப்பு இன்றே குறையாது. 2015இல் அந்த ஏரியின் நுரை தீப்பிடித்தது. 2017லும் 2018லும் மீண்டும் எரிந்தது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் கர்நாடக அரசுக்கு 50 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் வரத்தைத் தண்டிக்கிறது. சேற்றுக்கு அது கேட்பதில்லை.

எல்லை பற்றிய வினாவின் முழு உருவத்தை அறிய 2018 பிப்ரவரி 16ஆம் நாளின் காவிரித் தீர்ப்பை வாசிக்கவேண்டும். 2007இல் நடுவர் மன்றம், பெங்களூரின் மூன்றில் ஒரு பங்கு மட்டுமே காவிரி வடிநிலத்துள் அமைந்துள்ளது என்று கொண்டு அதன் குடிநீர்த் தேவையைக் கணித்திருந்தது. உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டை ஏற்கவில்லை. ஒரு நகரத்தைக் குறுக்கே வெட்டி, இப்பக்கத்தாருக்குத் தாகம் உண்டு, அப்பக்கத்தாருக்கு இல்லை என்று கூற இயலாது என்னும் நியாயத்தில் நகரம் முழுவதையும் உள்ளடக்கி 4.75 டி.எம்.சி. கூட்டியது. கர்நாடகத்திற்குக் கிடைத்த மொத்தக் கூடுதல் 14.75 டி.எம்.சி. தாகத்திற்கு நீர் மறுக்கலாகாது என்பதில் நமக்கு மாறுபாடில்லை. கணக்கின் அடுத்த வரியைத்தான் பார்க்கவேண்டும். குடிநீர்ப் பயன்பாட்டில் ஐந்தில் ஒரு பங்கே நுகரப்படுகிறது, எஞ்சியது திரும்பி வரும் என்ற அடிப்படையிலேயே இந்த எண் எட்டப்பட்டது. திரும்பி வரும், எங்கே? நகரின் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து அது காவிரிக்குத் திரும்புவதில்லை. நீரை எடுக்கையில் எல்லை விரிக்கப்பட்டது. கழிவை விடுகையில் எல்லையைப் பற்றிய பேச்சே எழவில்லை. அது அவ்வழக்கின் பொருளன்று. வழக்கில் கர்நாடகம் இருந்தது, தமிழ்நாடு இருந்தது, கேரளமும் புதுச்சேரியும் இருந்தன. பாகலூர்ப் பக்கத்து விவசாயி தமிழ்நாட்டுக்காரராக இருந்தார், தென்பெண்ணைக்காரராக இல்லை. காவிரிக்குத் தமிழ்நாட்டுக்காரர் என்ற முறையில் அவருக்கு நேர்ந்த இழப்பு எண்ணப்பட்டது. வேறு ஆற்றங்கரையில் வாழ்பவர் என்ற முறையில் நேர்வதற்கு அங்கே எண் இல்லை.

ஃபாரெஸ்டரின் நூல் இங்கே நினைவிற்கு வருவது இயல்பு. பாஸ்டன் நகரின் முன்னாள் மேயர் ஜான் காலின்ஸ் என்பவரோடு உரையாடியதன் பயனாக எழுந்தது அது. வீடுகள், தொழில்கள், மக்கள் ஆகியோரை இருப்புகளாகக் கொண்டு ஒரு நகரின் 250 ஆண்டு வாழ்வைக் கணினியில் ஓட்டிக் காட்டிய துணிச்சல் அந்நாளில் வியப்பூட்டியது. ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டுவது நகரைச் சீரழிக்கும் என்னும் அதன் முடிவு புயலைக் கிளப்பியது. விமரிசகர் சுட்டிய குறைகளுள் மிகவும் ஆழமானது ஒன்று: அந்த மாதிரியில் புறநகர் இல்லை. நகருக்கு வெளியே எல்லையற்ற சூழல் என்று ஒன்று வைக்கப்பட்டது. அங்கிருந்து மக்கள் வருவர், அங்கே போவர், அவ்வளவே. அச்சூழலுக்கு என்ன நேர்கிறது என்பது கணக்கில் வராது. பாஸ்டனின் ஏழை மாதிரியை விட்டு வெளியேறினால் பிரச்சினை தீர்ந்ததாகக் கணினி சொல்லும். அந்த எல்லையற்ற சூழலில் வசிப்பவர்கள் நாம் என்று ஓசூரில் இருந்து வாசிக்கும்போது தெரிகிறது.

இதே குடும்பத்தில் பிறந்து, இக்குறையைத் தம் ஆராய்ச்சியின் மையமாக்கிக் கொண்டோரும் உளர். அவர்களை நிர்வாகக் கல்விக்கூடங்கள் குறைவாகவே வாசிக்கின்றன. ‘தி சிஸ்டம்ஸ் அப்ரோச்’ (1968) எழுதிய வெஸ்ட் சர்ச்மனும், அவருடைய மாணவர் வெர்னர் உல்ரிக்கும் குறிப்பிடத்தக்கவர்கள். 1983இல் வெளிவந்த உல்ரிக்கின் ஆய்வு, ஒரு திட்டத்தில் ஈடுபட்டோர், ஈடுபடாமலே பாதிக்கப்பட்டோர் என்று இரு வகையினரைப் பிரிக்கிறது. யாருடைய நலனுக்காக? அளவுகோலை வகுத்தவர் யார்? பாதிக்கப்படுவோர் சார்பில் சாட்சி சொல்பவர் யார்? இத்தகைய பன்னிரண்டு வினாக்களை எழுப்பி, ஒவ்வொன்றிற்கும் இப்போது உள்ள விடை, இருக்கவேண்டிய விடை என இரண்டையும் எழுதச் சொல்கிறார். நடை கடினமானது, ஜெர்மானியத் தத்துவத்தின் பாரம் அதில் உண்டு. எனினும் மேற்கண்ட நான்கு நூல்களும் சேர்ந்து தராத ஒன்றை அது தருகிறது. எல்லைக்கோடு இயற்கையில் இருப்பதன்று, ஒருவரால் வரையப்படுவது; வரைந்தவர் அதற்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவர்.

இவ்விடத்தில் நம் வாசகர்களுள் சிலர், இவையெல்லாம் நம் நூல்களில் என்றோ சொல்லப்பட்டவையே என்று பெருமூச்சு விடக்கூடும். அப்பழக்கத்தின் மீது எனக்கு மதிப்பில்லை. இப்னு கல்தூன் (1332–1406) வரி உயர்வு வருவாயைக் குறைக்கும் என்று விளக்கிய பகுதியைப் பின்னூட்டத்தின் முன்னோடி என்று கூறலாம். நகரங்களுக்கு இடம் தேரும்போது காற்றையும் நீரையும் கருதாதோர் அடைந்த கேட்டையும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் முகத்திமாவை மேற்கோள் காட்டுவதால் கெலவரப்பள்ளியின் நுரை அடங்காது. பயன்தரக்கூடியது வேறொன்று இருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் ஹரீம் என்றொரு பகுதி உண்டு. ஒருவர் கிணறு வெட்டினால் அதனைச் சுற்றியுள்ள குறிப்பிட்ட நிலத்தில் பிறர் கிணறு வெட்டவோ நீருக்குத் தீங்கு செய்யவோ கூடாது என்பது அதன் சாரம். ஹனஃபி அறிஞர்கள் இப்பரப்பை முழக்கணக்கில் வரையறுத்தனர்; நாற்பது முழம் என்பது அவர்களிடையே பரவலான அளவு. மாலிக்கி அறிஞர்களோ முழக்கோலை நம்பவில்லை. மண் இளகியதா இறுகியதா, தீங்கு எதுவரை எட்டுகிறது என்பதை நோக்கி ஒவ்வொரு கிணற்றிற்கும் எல்லை காணவேண்டும் என்றனர்.

இந்தக் கருத்து வேற்றுமை எனக்கு உல்ரிக்கின் பன்னிரண்டு வினாக்களைக் காட்டிலும் தெளிவூட்டியது. முழக்கணக்கு நிர்வாகத்திற்கு எளிது. வழக்கை விரைவில் முடிக்கும். தீங்கு எட்டும் தொலைவைக் கொண்டு எல்லை காண்பதோ ஒவ்வொரு முறையும் மண்ணைத் தோண்டிப் பார்க்கச் சொல்கிறது. மாநில எல்லை, மாநகராட்சி எல்லை, ஆலைச் சுற்றுச்சுவர் ஆகிய அனைத்தும் முழக்கணக்குகளே. அவற்றை அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டியதில்லை. முடிவெடுக்கும் மேசையில் விரிக்கும் வரைபடத்தை மட்டும் தீங்கின் தொலைவு வரையில் நீட்டலாம்.

நீட்டினால் சங்கடங்கள் கூடும் என்பதையும் மறைக்கக்கூடாது. 2018இல் கர்நாடகம் கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீரைச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 44 கோடி லிட்டர் வரை கோலார் மாவட்டத்தின் வறண்ட ஏரிகளுக்கு அனுப்பும் திட்டத்தைத் தொடங்கியது. தொடங்கிய சில வாரங்களிலேயே கோலாரின் இலட்சுமிசாகர ஏரியிலும் நுரை கண்டது. உயர் நீதிமன்றம் தற்காலிகமாகத் தடுத்தது. பின்னர் நீர் மீண்டும் சென்றது. கோலார் விவசாயிக்கு அது வரம். ஓசூர் விவசாயிக்கோ ஆற்றில் வருவது அழுக்கானாலும் அதுவே நீர்; மழையில்லாத மாதங்களிலும் தென்பெண்ணை வற்றாதிருக்கக் காரணம் அக்கழிவே. அழுக்கு குறையவேண்டும், நீர் குறையக்கூடாது என்பது அவருடைய கோரிக்கை. அதே 2018இல் தென்பெண்ணைக்காகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் சென்றது. மார்க்கண்டேய நதியில் கர்நாடகம் கட்டும் அணையும் தடுப்புகளும் அவ்வழக்கின் முதன்மைப் பொருள். 2019 நவம்பரில் இடைக்கால மனு தள்ளுபடியாகி, நடுவர் மன்றத்தை நாடும்படி கூறப்பட்டது. நீரின் அளவைக் கேட்கும் வழக்கிற்கும் நீரின் தன்மையைக் கேட்கும் விவசாயிக்கும் இடையே உள்ள தூரத்தை எந்தத் தரப்பின் வழக்கறிஞரும் அளந்ததாகத் தெரியவில்லை. கோலாரையும் ஓசூரையும் ஒரே படத்தில் வரைபவர் இருவருள் ஒருவரையேனும் ஏமாற்றமடையச் செய்யாமல் முடிவெடுக்க இயலாது. படத்தில் ஒருவரை விட்டுவிடுவதால் அந்த ஏமாற்றம் இல்லாமற் போவதில்லை. நம் கண்ணுக்கு மறைகிறது.

ஓசூருக்கும் ஒரு கீழ்க்கரை உண்டு. நகர் முழுவதற்குமான நிலத்தடிச் சாக்கடை அமையாமலேயே அது 2019இல் மாநகராட்சியாயிற்று. அதன் ஏரிகளில் சேரும் கழிவுநீர் எங்கே செல்கிறதோ அங்கே நிற்பவனுக்கு ஓசூர்தான் பெங்களூரு. எல்லைக்கு அப்பாலிருந்து வரும் நுரையை நாம் அரசியலாக அறிகிறோம். நம்மிடமிருந்து வெளியேறுவதை நகராட்சி வேலையாகக் கருதுகிறோம். கிராமத்தில் ஒகேனக்கல் நீர் வந்த நாளன்று மகிழ்ந்தவர்களுள் எத்தனை பேர், அந்நீர் அடுக்களையைக் கடந்த பின் எங்கே போகும் என்று கேட்டிருப்பர்? ஆற்று நீரைக் கொண்டுவரும் திட்டத்தோடு கழிவை ஏற்கும் திட்டத்தையும் ஒரே கோப்பில், ஒரே நிதியில், ஒரே தேதியில் வைக்கவேண்டும் என்ற ஒரு விதியை மட்டும் இரு மாநிலங்களும் ஏற்றிருந்தால் மேலே கூறிய கதையில் பாதி எழுதப்பட்டிருக்காது. மெடோஸின் பட்டியலில் இத்தகைய விதிமாற்றம், அபராதத் தொகையைக் கூட்டுவதைவிட மிகவும் மேலான நெம்புகோல்.

இந்நூல்களைத் தமிழில் கொணர்வது பயனுள்ள பணியே. கொணர்வோர் மெடோஸில் தொடங்கட்டும், உல்ரிக்கை விட்டுவிடவேண்டாம், செங்கேயைச் சுருக்கினால் இழப்பில்லை. எடுத்துக்காட்டுகளை மட்டும் மொழிபெயர்க்காமல் மாற்றுவது நன்று. பாஸ்டனும் பியரும் நமக்கு எதற்கு?

மீன்முள் படம் வரைந்த அந்த இளைஞரிடம் இக்கட்டுரையின் முதற்படியைக் கொடுத்திருந்தேன். வாசித்துவிட்டு, தம் தொழிற்கூடத்தில் வார்ப்பைக் கழுவும் நீர் சுற்றுச்சுவரின் எந்த மூலையில் வெளியேறுகிறது என்பது எட்டு ஆண்டுகளாக அங்கே வேலை செய்தும் தமக்குத் தெரியாது என்றார். மறுநாள் ஷிஃப்ட் முடிந்ததும் சுவரோரமாக நடந்து பார்த்திருக்கிறார். குழாய் ஒன்று வெளியே கல்வாய்க்குள் இறங்குகிறது. கல்வாய் எங்கே போகிறது என்று பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச்சொல்லியிருக்கிறார்.